டயட்டுக்கு வரப்போகிற வள்ளிக்கு

கோட்டையூர்

அன்புள்ள வள்ளி,

நம்ம மாவட்ட டயட்டுக்கே, அதுதான் ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனத்துக்கே, நீ விரிவுரையாளராக வருகிறாய் என்று சொக்கு சொன்னான். நீ சொல்லவில்லை, அவன் சொன்னான். அதற்கு நேரில் வா, பேசிக்கொள்கிறேன். சித்திரைக்கு அப்புறம் நானும் உனக்கு எழுதவில்லை. பள்ளி திறந்ததும் சேர்க்கை, பாடப்புத்தகம், மேலாண்மைக் குழுக் கூட்டம் என்று நாள் ஓடிவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சீரியல் பார்க்கும்போது குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பேபி டீச்சர் மகன் கல்யாணத்துக்கு நீ வராததை அவர் இன்னும் மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அந்த வேலைக்கு வருவதில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் ஏன் தெரியுமா? செயல் ஆராய்ச்சி, அதாவது வகுப்பறைப் பிரச்சினையை அங்கேயே ஆராய்ந்து சரிசெய்து பார்ப்பது, உன் பொறுப்பில் வருமாம். அது உண்மையானால் உன்னிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது.

ஆய்வு என்றாலே நம்ம ஆசிரியர்கள் முகம் எப்படிச் சுருங்கும் என்று உனக்குத் தெரியும். காரணம் இல்லாமல் இல்லை. வருஷா வருஷம் எம்.எட். படிக்கிற பிள்ளைகள் வினாத்தாள் கட்டோடு வருவார்கள். ஒரு பாடவேளை கேட்டு வாங்கி, பிள்ளைகளை எழுத வைத்து, எனக்கும் ஒரு படிவத்தை நீட்டி, "மேடம், டிக் மட்டும் போட்டால் போதும்" என்பார்கள். என்ன கண்டுபிடித்தோம் என்று திரும்பி வந்து சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமே இல்லை. வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்தால் ஆய்வு முடிந்தது என்றுதான் அவர்களுக்குப் பழக்கியிருக்கிறோம். அளந்த இடத்துக்கு அளவு திரும்பி வர வேண்டாமா, வள்ளி?

நாங்களும் தினமும் அளந்து அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம். காலை வணக்கம் முடிந்ததும் செயலியில் வருகைப் பதிவு. தொடக்க வகுப்புகளில் வாசிப்பையும் கணக்கையும் தேற்றுகிற எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த 2022 முதல், கற்றல் நிலையில் எந்தப் பிள்ளை அடிமட்ட அரும்பு, எது நடுவில் மொட்டு, எது மேலே மலர் என்ற பதிவும் சேர்ந்துகொண்டது. எல்லாம் மேலே போகிறது. "உங்கள் ஒன்றியத்தில் இந்த மாதம் இப்படி இருக்கிறது, ஏன் என்று பாருங்கள்" என்று ஒரு தாள் கீழே வந்ததில்லை.

போன வருஷம் என் வகுப்பில் ஒரு பிள்ளை. தமிழை நிறுத்தி நிதானமாக வாசிப்பாள். கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் வரும். வகுத்தலில் மட்டும் சுவரில் முட்டினதுபோல நிற்பாள். ஆறாம் வகுப்புக்குப் போன இடத்தில் முதல் மாதத்திலேயே அவளைக் "கணக்கு வராத பிள்ளை" என்று சொல்லிவிட்டார்கள். அவளுடைய அப்பத்தா என்னிடம் வந்து அழுதார். அதற்கு அப்புறம்தான் நானும் செல்வி டீச்சரும் பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு மாதவாரியாகப் பார்த்தோம். மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் மாசி மாதம் அவள் ஊரிலேயே இல்லை. வகுத்தல் நடந்தது அப்போதுதான்.

அவள் மட்டுமில்லை. கணக்கில் அரும்பு நிலையிலேயே நின்ற பிள்ளைகளில் பாதிக்கு மேல் அதே மாதங்களில் வராதவர்கள். தைக்கு மேல் பிள்ளைகள் குறைவது மஞ்சுவிரட்டாலும் திருவிழாவாலும் என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, பதிவேடு அப்படிச் சொல்லவில்லை. சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு ஒரு நாள் போவார்கள், மறுநாள் வந்துவிடுவார்கள். கண்மாய்ப் பாசன ஊர்களில் அறுவடை முடிந்ததும் வேலை இல்லை. அப்பாவும் அம்மாவும் திருப்பூருக்கோ சென்னைக்கோ கிளம்பும்போது சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடிக்கு வரும்போதுதான் பிள்ளையும் திரும்பி வருகிறது. நாம் அப்போது திருப்புதல் நடத்திக்கொண்டிருப்போம். நடத்தாத பாடத்துக்கு என்ன திருப்புதல்?

இந்த வருஷம் பங்குனியில் அந்தப் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்து, வகுத்தலையும் பின்னத்தையும் புதுப் பாடமாகவே நடத்தினோம். பலன் இருந்தது. ஆனால் இது ஒரு பள்ளியின் கதை. ஆத்தங்குடிப் பக்கம் டைல்ஸ் பட்டறை வருஷம் பூரா நடக்கும். அங்கே பிள்ளைகள் ஊரை விட்டுப் போகக் காரணம் இல்லை. தேவகோட்டைப் பக்கம் எப்படியோ. மாநில சராசரியைப் பார்த்து எனக்குப் பயிற்சி கொடுக்கிறவர்களுக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ளும் வழி உன் கையில் இருக்கிறது. 1986 கல்விக் கொள்கைக்குப் பின்னால் மாவட்டத்துக்கு ஒரு டயட் என்று வைத்ததே, அந்தந்த மாவட்டத்தை அங்கேயே இருந்து பார்க்கத்தானே?

ஆய்வு உதவாது என்று யாராவது உன்னிடம் சொன்னால் கொரோனா காலத்து ஆய்வைச் சொல்லு. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ மூன்று பேரும் நம்ம மாநிலத்துக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 குழந்தைகளைப் பார்த்தார்கள். 2019இல் இருந்த பிள்ளைகளோடு, அதே ஊரில் அதே வயதில் 2021 டிசம்பரில் இருந்த பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். கணக்கில் இழந்தது மொழியில் இழந்ததைப்போல இரண்டு மடங்கு. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டத்தால். சாயங்காலம் திண்ணையில் பாடம் நடத்திய நம்ம ஊர்ப் பெண்களின் உழைப்பு அது. அதை அவர்களிடம் போய்ச் சொன்னவர் யார்?

சொக்கு இன்னொன்றும் சொன்னான். அமெரிக்காவில் 1965 கல்விச் சட்டத்தின் கீழ் வட்டாரக் கல்வி ஆய்வகங்கள் தொடங்கி, நாட்டையே பத்து வட்டாரமாகப் பிரித்து நடத்தினார்களாம். மிசிசிப்பி மாநிலம் 2013இல் வாசிப்புக்குச் சட்டம் போட்டு, பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்களை அனுப்பியது. மிசிசிப்பி இருக்கிற வட்டாரத்தின் ஆய்வகம் ஆசிரியர்களையே சோதித்து, வகுப்பிலும் போய் உட்கார்ந்து பார்த்தது. வாசிப்பு கற்பிப்பது பற்றி ஆசிரியர்களுக்குத் தெரிந்தது சராசரியாக 48ஆம் சதமானத்திலிருந்து, அதாவது நூறு பேரில் 48 பேரை முந்துகிற நிலையிலிருந்து, 59க்கு உயர்ந்ததாம். கேள்வி மாநிலக் கல்வித் துறையுடையது, பதிலும் அவர்களுக்கே போனது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. 2025 பிப்ரவரியில் அந்த ஆய்வகங்களின் ஒப்பந்தங்களை அரசு ரத்து செய்துவிட்டது என்று கேட்டபோது மனசு என்னவோ செய்தது. அத்தனை வருஷம் கட்டியது!

நமக்கு இது புதுசும் இல்லை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். குன்றக்குடி அடிகளார் ஊருக்குத் திட்டக் குழு அமைத்து, அந்த விஞ்ஞானிகளை ஊர் வேலைக்குள் இழுத்து வந்தார். பள்ளிக்கூடத்துக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும். நீதான் வேண்டும்.

நீ வந்ததும் இரண்டு காரியம் செய். ஒன்றியத்தில் உள்ள தொடக்கப் பள்ளிகளின் வருகையைத் தை முதல் சித்திரை வரை மாதவாரியாக எடுத்து, எண்ணும் எழுத்தும் நிலையோடு பக்கத்தில் வை. அப்புறம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையக் கூட்டத்துக்கு நீயே வந்து, பள்ளி பள்ளியாக எங்கள் தாளை எங்கள் கையில் கொடு. பவர்பாயிண்ட் வேண்டாம். உன் குண்டு எழுத்தில் கரும்பலகையில் எழுதினால் போதும், கடைசி வரிசைக்கும் தெரியும். காரணத்தை நாங்கள் சொல்கிறோம், ஊர் எங்களுடையது.

புதுவயல், கண்டனூர் தலைமையாசிரியர்களிடம் நான் ஏற்கெனவே பேசிவிட்டேன். இருவரும் பழைய பதிவேடுகளைத் தருகிறார்கள். பள்ளத்தூரில் இருப்பவர் மட்டும் மேலிடத்துக் கடிதம் கேட்கிறார். பணியில் சேர்ந்த அன்றே அதை வாங்கி அனுப்பு.

அன்புடன்,
மீனாள்