அப்பம்மா வயது வந்தவராம்

கோண்டாவில்

அன்பின் குகன்,

நாங்கள் நலம். அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. தவம் மாஸ்டர் இன்னும் அதே கடனைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். உன் பெயரைச் சொல்லித் தப்பிக்கொண்டேன். கடிதமே எழுதாதவனுக்கு என்ன வந்தது என்று பார்க்கிறாயா? பிள்ளைகளின் சமூக ஊடகக் கணக்குகளுக்கு அவுஸ்திரேலியாவில் வந்த உங்கள் வயதுச் சட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டும்.

போன கிழமை தங்கச்சி வீட்டில் நடந்ததைக் கேள். இளையவள் இப்போது தரம் 7. ஏதோ ஒரு விளையாட்டுச் செயலி, வயதை உறுதிசெய்ய முகத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறது. இவள் நேரே குசினிக்குப் போய், தேங்காய் துருவிக்கொண்டிருந்த அப்பம்மாவுக்கு முன்னால் போனைப் பிடித்திருக்கிறாள். மனுசி, கனடா மகன்தான் அழைக்கிறான் என்று நினைத்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, திரும்பச் சொன்ன பக்கமெல்லாம் திரும்பி, "சாப்பிட்டாயா ராசா?" என்று கேட்டிருக்கிறார். வயது உறுதியாகிவிட்டது!

சிரித்து முடிந்த பிறகுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2025 டிசெம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று அங்கே வந்துவிட்டதே, உன் மகன் என்ன செய்கிறான்? அவனும் ஒரு அப்பம்மாவைப் பிடித்துவிட்டானா? இங்கே பிறந்த ஆண்டைக் கேட்டால் 1990 என்று போட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். அதற்காக அடையாள அட்டையைக் கொடு என்றாலும் எனக்குப் பயம். 2025 ஒக்டோபரில், டிஸ்கோர்ட் என்ற அரட்டைச் செயலியின் பாவனையாளர் சுமார் 70,000 பேரின் அடையாள ஆவணப் படங்கள் கசிந்திருக்கலாம் என்று அந்த நிறுவனமே சொன்னது. சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டி நீட்டி வளர்ந்த நாங்கள், பிள்ளைகளையும் நீட்டப் பழக்குவதா? அரச அட்டையை மட்டுமே ஒரே வழியாகக் கேட்கக் கூடாது என்று உங்கள் சட்டம் சொல்வது அந்த மட்டில் ஆறுதல்.

ஆனால் அதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. தண்டம் கம்பனிக்குத்தான், 49.5 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் வரை. பிள்ளைக்கும் இல்லை, பெற்றோருக்கும் இல்லை. இங்கே எது நடந்தாலும் முதல் அடி பிள்ளைக்கு.

மூத்தவளோடு படிக்கும் பிள்ளை ஒன்றிடம், பெண்பிள்ளை போல நடித்துப் பழகிய ஒருவன் படம் வாங்கி, பிறகு மிரட்டியிருக்கிறான். அவள் மாதக்கணக்காக வாய் திறக்கவில்லை. கேட்டதற்கு, "சொன்னால் போனைப் பறிப்பார்கள், ரியூசனையும் நிறுத்துவார்கள்" என்றாளாம். இரண்டும் நடந்தன. சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழைத்து முறையிடுங்கள் என்று தங்கச்சி சொல்ல, ஊர் அறிந்தால் நாளைக்கு யார் இவளைக் கட்டுவான் என்று தாய் அழுதாராம். மிரட்டியவனுடைய கணக்கு இன்னும் பச்சைப் புள்ளியோடு இருக்கிறது. எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, மச்சான்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது மருமக்களுக்கு என்று புதுப் போன் எதையும் தூக்கிக்கொண்டு வராதே. மகனிடம் ஒன்று கேட்டு எழுது: இப்படி ஏதாவது நடந்தால் உன்னிடம் வந்து சொல்வானா? உன் பதில் எனக்கு வேண்டாம், அவன் சொல்வதை எழுது.

அன்புடன்,
சிறீ