பெயரில் சேர்ந்திருக்கும் கலையும் அறிவியலும் பாடத்திலும் சேரட்டும்

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அவர்களுக்கும், ஆட்சிக்குழு, கல்விக்குழு, பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் குமரி மாவட்டத்து ஆசிரியர் ஒருவர் எழுதும் திறந்த மடல்.

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். குமரி மாவட்டத்தில் முப்பதாண்டுகளுக்கு மேல் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இளநிலைப் பட்டப்படிப்பில் ஒரு மாற்றம் வேண்டி இதை எழுதுகிறேன். எந்தத் துறையில் சேர்ந்த மாணவரானாலும், தம் முதன்மைப் பாடத்துக்கு முற்றிலும் வெளியே தாமே தேர்ந்துகொள்ளும் ஒரு துறையை, குறைந்தது இரண்டு பருவங்களாவது, அந்தத் துறை ஆசிரியரிடமே முறையாகப் படிக்க வழி வேண்டும். தமிழிலக்கிய மாணவி புள்ளியியல் படிக்கலாம்; இயற்பியல் மாணவன் வரலாறு படிக்கலாம். கேட்பது இவ்வளவுதான்.

எங்கள் ஊரில் பெரும்பாலான கல்லூரிகளின் வாசல் பலகையில் ‘கலை மற்றும் அறிவியல் கல்லூரி’ என்றுதான் எழுதியிருக்கிறது. உள்ளே போனால் கலை ஒரு கட்டடத்திலும் அறிவியல் மற்றொரு கட்டடத்திலும் இருக்கின்றன. மூன்றாண்டுகளில் ஒரு முறைகூட எதிர்க் கட்டடத்தில் பாடம் கேட்க அமராமலே மாணவர்கள் பட்டம் பெற்றுப் போய்விடுகிறார்கள். தமிழ்நாட்டில் பொதுவாக வழங்கும் அமைப்பை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். பகுதி ஒன்றில் தமிழ் அல்லது பிறமொழி, இரண்டில் ஆங்கிலம், மூன்றில் மேஜர் எனும் முதன்மைப் பாடமும் அலைடு எனும் துணைப்பாடமும், நான்கில் திறன் பாடங்களும் சுற்றுச்சூழலும், ஐந்தில் விரிவாக்கப் பணி. இதில் அலைடு என்பது மேஜருக்குத் துணை செய்யவே வைக்கப்படுவது. இயற்பியலுக்குக் கணிதமும் வேதியியலும் துணையாவது சரியே, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மேஜருக்கு அப்பால் பார்ப்பதற்கென்று எஞ்சுவது நான்காம் பகுதியில் இரண்டு கிரெடிட் (மதிப்பீட்டுப் புள்ளி) அளவில் வரும் என்.எம்.இ. எனும் பிறதுறை விருப்பப் பாடம் மட்டும்தான்.

அந்தச் சிறிய இடமும் எப்படிப் போகிறது என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். என் தங்கை மகள் இயற்பியல் படித்தாள். பத்மநாபபுரம் அரண்மனையையும் சுசீந்திரம் கோயில் கல்வெட்டுகளையும் சிறு வயதிலிருந்தே சுற்றிச் சுற்றிப் பார்த்த பெண். வட்டெழுத்தைத் தானாகவே எழுத்துக் கூட்டிப் பழகியவள். விருப்பப் பாடமாக வரலாற்றை எழுதிக் கொடுத்தாள். கால அட்டவணைக்கு ஒத்துவராது என்று சொல்லி வகுப்பு முழுவதற்கும் ஒரே பாடத்தைக் கொடுத்துவிட்டார்கள். அதையும் அவர்கள் துறை ஆசிரியரே நடத்தினார். கல்லூரியின் பெயரைச் சொல்ல நான் விரும்பவில்லை. இது ஒரு கல்லூரியின் குற்றமும் அன்று. இரண்டு கிரெடிட் பாடத்துக்காக அட்டவணையை யாரும் கலைத்துப் போட மாட்டார்கள். பாடத்துக்கு எடை வந்தால்தான் அட்டவணை அதற்கு இடம் கொடுக்கும்.

இப்படிப் படிப்பதால் என்ன விளையும் என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருமுறை எங்கள் துறை மாணவர்களை மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். பேருந்தில் இடம் இருந்ததால் தமிழ்த் துறை மாணவியர் இருவரும் வந்தனர். கரையில் ஒரு காகிதத்தை விரித்து, ஒரு கைப்பிடி மணலைப் பரப்பி, வலுவான காந்தம் ஒன்றை மெல்ல மேலே கொண்டுபோனேன். கருந்துகள்கள் எழும்பி முள்போல ஒட்டிக்கொள்ள, காகிதத்தில் வெண்மணலும் சிவந்த கார்னெட் பொடியும் தங்கின. இல்மனைட், ரூட்டைல், சிர்கான், தோரியம் தரும் மோனசைட் என்று கனிமங்களை நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் தமிழ் மாணவியரில் ஒருத்தி, “சார், இந்த மண்ணுல இது இருக்குதுன்னு முதல்ல கண்டது யாரு? இங்க உள்ளவங்க இதுக்கு முன்னாடி இத என்னன்னு சொன்னாங்க?” என்று கேட்டாள்.

முதல் கேள்விக்கு விடை இருந்தது. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன தென்னை நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மின்னிய துகள்களை ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909-இல் கவனித்தார். அக்காலத்தில் எரிவாயு விளக்குகளில் ஒளிவிடும் மேண்டில் எனும் வலைக்குத் தோரியம் தேவைப்பட்டது. அந்தத் தேவைதான் அவரை நம் கரைக்கு இழுத்து வந்தது. மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. இரண்டாவது கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அந்த மாணவி கடியபட்டணத்துப் பெண். அடுத்த வாரம் தன் பாட்டியிடம் கேட்டு எழுதிய நான்கு பக்கத்தோடு வந்து நின்றாள். கரையில் முன்பு எத்தனை வரிசைத் தென்னை நின்றது, வள்ளம் எதுவரை ஏற்றி வைப்பார்கள், கருமண் படிந்த நாளில் கடல் எப்படி இருக்கும் என்பதெல்லாம் அதில் இருந்தன. என் மாணவர்கள் அந்த நான்கு பக்கத்தை வைத்துக்கொண்டு மறுபடி கரைக்குப் போய், பாட்டி சொன்ன இடங்களை நாடா பிடித்து அளந்தார்கள். முப்பது ஆண்டில் எனக்குக் கிடைத்த மிக நல்ல வகுப்பு அதுதான்; அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத வகுப்பு என்பதுதான் என் வருத்தம்.

இந்த மணலின் வேதியியலை மட்டும் அறிந்தவன் ஆலையில் வேலை செய்யலாம். கடலோர மக்கள் ஏன் அஞ்சுகிறார்கள் என்பதும், இயற்கையிலேயே கதிரியக்கம் மிகுந்த கரையில் வாழ்வதற்கு என்ன பொருள் என்பதும் அவனுக்குத் தெரியாது. அம்மக்களுக்காகப் பேச வருகிறவனுக்கோ மோனசைட்டுக்கும் இல்மனைட்டுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. ஒக்கிப் புயல் 2017-இல் எங்கள் மீனவர்களைக் கொண்டுபோன பிறகு நடந்த கூட்டங்களிலும் இதையே பார்த்தேன்: வானிலை எச்சரிக்கையின் மொழி ஒரு பக்கமும் கடலோரத்தின் மொழி மறுபக்கமும் நின்றன, இரண்டும் தெரிந்தவர் அரிதாக இருந்தார்.

பல துறைகளையும் ஒருங்கே கற்பது வெளியிலிருந்து வந்த சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் 1919 முதல் தன் இளநிலைக் கல்லூரி மாணவர்க்குப் பொதுவான பாடம் நடத்துவதும், பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம் 2011-இல் தொடங்கிய நான்காண்டு அறிவியல் பட்டத்தில் கலைத்துறைப் பாடங்களைச் சேர்த்திருப்பதும் உண்மையே. ஆனால் தங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருப்பவரையே பாருங்கள். சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். தெற்குத் திருவிதாங்கூரின் கல்வெட்டுகளைப் படித்து அரசர்களின் காலத்தைக் கணித்தார். அறிவுத் துறைகளை வகைப்படுத்தி ‘நூற்றொகை விளக்கம்’ எழுதினார். 1891-இல் ‘மனோன்மணீயம்’ நாடகத்தை வெளியிட்டார். அந்த நாடகத்தில் போருக்குக் காரணமாவதே எங்கள் நாஞ்சில் நாடு. இன்றைய அமைப்பில் அவர் மாணவராகச் சேர்ந்தால் இவற்றில் எதை விடுவார்? தேரூர் தந்த கவிமணியும் கவிதையோடு நிற்கவில்லை. காந்தளூர்ச் சாலையைப் பற்றிக் கல்வெட்டுச் சான்றோடு ஆராய்ந்தவர்.

பழமையைப் பேசும்போது ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-இல் முஞ்சிறைக்கு அருகே பார்த்திவபுரத்தில் 95 மாணவர்க்குச் சாலை, அதாவது கல்விக்கூடம், அமைத்தான் என்று செப்பேடு சொல்கிறது. பெருமைதான், ஆனால் அந்த 95 இடங்களும் வேதம் ஓதியவர்க்கே. என் பாட்டனின் பாட்டன் அதன் வாசலை மிதித்திருக்க முடியாது. இன்று விரிந்த படிப்பு மறுபடி அப்படி ஆகிவருகிறது. அசோகா, அசீம் பிரேம்ஜி போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் ஒரு மாணவர் அறிவியலும் கலைப் பாடங்களும் சேர்த்துப் படிக்கலாம். அங்கு ஆகும் செலவை ரப்பர் பால்வெட்டும் குடும்பம் எளிதில் தாங்காது. அந்த வாய்ப்பு எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டுமானால் அது தங்கள் மூலமாகத்தான் கிடைக்க வேண்டும்.

“இதப் படிச்சா என்ன வேலை கிட்டும்?” என்று கேட்கும் பெற்றோரை நான் மதிக்கிறேன். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாவட்டம் இது. படிப்பை நம்பியே வாழ்கிறோம். எங்கள் பட்டதாரிகளில் பலர் எழுதும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் தமிழுக்கு 100 வினா, பொது அறிவுக்கு 75, திறனறிவுக்கு 25. வேதியியல் படித்தவர் இந்திய வரலாற்றையும், வரலாறு படித்தவர் எளிய கணக்கையும் நாகர்கோவில் பயிற்சி மையங்களில் பணம் கட்டிப் புதிதாகக் கற்கிறார்கள்.

தடைகளை நான் அறியாதவன் அல்லன். மாணவர் விருப்பம்போல் போனால் சில துறைகளில் பணிச்சுமை குறையும், பணியிடம் போய்விடும் என்ற அச்சம் ஆசிரியர்களுக்கு உண்டு; அது நியாயமான அச்சம். ஆகவே முதல் சில ஆண்டுகளுக்குப் பணியிடக் கணக்கில் கை வைக்காமல் இதைத் தொடங்க வேண்டும். அலைடு பாடங்களையும் தொட வேண்டாம். மூன்றாண்டுக்கு 140 கிரெடிட் என்ற பொது அளவில் எட்டு கிரெடிட்டை, இப்போது சிதறிக் கிடக்கும் நான்காம் பகுதியிலிருந்து திரட்ட முடியும் என்று நம்புகிறேன். நான்காம் ஆண்டு எதுவும் தேவையில்லை. வேலைக்குப் போகும் நாளை எண்ணிக் காத்திருக்கும் குடும்பங்களின் மேல் இன்னோர் ஆண்டைச் சுமத்துவதை நான் எதிர்க்கிறேன்.

நாகர்கோவிலில் சில கிலோமீட்டருக்குள் பல கல்லூரிகள் இருக்கின்றன. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893 முதலும், தெற்குத் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952 முதலும், ஹோலி கிராஸ் கல்லூரி 1965 முதலும் இயங்குகின்றன. வாரத்தில் ஒரு பிற்பகலை எல்லாக் கல்லூரிகளிலும் இதற்கென ஒதுக்கினால், ஒன்றில் இல்லாத துறையை மற்றொன்றில் படிக்கலாம். தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே முடிவெடுக்கலாம். மற்றவற்றுக்குத் தங்கள் ஆணை வேண்டும். மார்த்தாண்டம் பக்கத்துக்குத் தனி ஏற்பாடு தேவைப்படும். பேருந்து நேரத்தைப் பார்த்தே அதை முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். குமரி மாவட்டத்தில் மட்டும், முன்வரும் நான்கைந்து கல்லூரிகளில் மட்டும் தொடங்கினாலும் போதும். மணவாளக்குறிச்சி மணலைப் பற்றி வேதியியலும் வரலாறும் தமிழும் சேர்ந்து நடத்தும் ஒரு பாடத்துக்கு வரைவு எழுதி வைத்திருக்கிறேன். பாடத்திட்டக் குழு அழைத்தால் எந்த நாளிலும் நேரில் கொண்டுவந்து தருவேன், ஊதியம் இன்றி நடத்தவும் செய்வேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்,
நாகர்கோவில்.