ஆவுளியாவுக்கு மயக்க ஊசி போடும் முன்: ஒரு திறந்த மடல்

ராமநாதபுரம் வன உயிரினக் கோட்ட அதிகாரிகளுக்கும், கடல்பசு ஆய்வுக்கு அனுமதி கேட்கவிருக்கும் ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம்.

முப்பது வருடம் இந்த மாவட்டத்தில் ஆடும் மாடும் பார்த்த கால்நடை மருத்துவன் நான். ஓய்வுபெற்ற பிறகு தொண்டி, மோர்பண்ணை, தேவிபட்டினம் பக்கம் மீனவர் கூட்டங்களுக்குக் கூப்பிட்டால் போய் உட்காருவேன். கொஞ்ச நாளாக அங்கே ஒரு பேச்சு காதில் விழுகிறது. ஆவுளியாவை, அதாவது கடல்பசுவைப் பிடித்து வாலில் செயற்கைக்கோள் கருவி கட்டினால் அது மேயும் இடமெல்லாம் தெரிந்துவிடும். துள்ளினால் ஒரு மயக்க ஊசி போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். ஆய்வே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கே மேய்கிறது என்று தெரியாமல் எதைக் காப்பது? எனக்குப் பயமெல்லாம் அந்த 'ஒரு ஊசி'யைப் பற்றித்தான்.

நம் கடலில் கடல்நாய் (சீல்) கிடையாது. ஆனாலும் இயற்கையில் திரியும் கடல் பாலூட்டியை எப்படி மயக்குவது என்பதை ஆய்வாளர்கள் அதிகம் கற்றது அண்டார்டிகாவிலும் மற்ற குளிர்க்கடல்களிலும் உள்ள கடல்நாய்களிடம்தான். பல விலங்குகள் செத்த பிறகு கற்ற பாடம் அது. நிலத்து விலங்கு மயங்கினால் மூச்சு மெலிந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். கடல்நாய் அப்படியில்லை. மயக்கம் ஏறியதும் உடம்பு முக்குளிப்பதாக நினைத்துக்கொள்கிறது. மூச்சு நிற்கிறது, இதயத்துடிப்பு விழுகிறது. பிரச்சினை என்னவென்றால், அது சும்மா தூங்கும்போதும் பல நிமிடம் மூச்சை அடக்கித்தான் தூங்கும். பக்கத்தில் நிற்பவருக்கு இது இயல்பான அடக்கமா, சாவின் தொடக்கமா என்று பார்த்த மாத்திரத்தில் புரியாது. ஈறு நீலம் பாய்கிறதா, துடிப்பு எத்தனை, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேவைப்பட்டால் தொண்டைக்குள் குழாய் இறக்கிக் காற்றைத் தள்ள வேண்டும். குழாயும் ஆக்சிஜன் சிலிண்டரும் கையில் இல்லாமல் ஊசியைத் தொடக் கூடாது என்பது அங்கே பழகிப்போன ஒழுங்கு.

இன்னொன்று கொழுப்பு. தோலுக்கடியில் தடித்த கொழுப்பு இருப்பதால் குட்டை ஊசி தசைக்குப் போகாது. கொழுப்பில் இறங்கிய மருந்து மெல்ல மெல்லத்தான் ரத்தத்தில் கலக்கும். 'ஏறவில்லையே' என்று பதறி இரண்டாவது ஊசி போட்டால், இரண்டும் சேர்ந்து ஒரே நேரத்தில் இறங்கும். தண்ணீருக்குப் பக்கத்தில் போட்டால் அரைமயக்கத்தோடு கடலில் விழுந்து மூழ்கிவிடும். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் பல வேலைகளுக்கு மருந்தையே விட்டுவிட்டு, தலையில் ஒரு துணிப்பையை மாட்டி, கண்ணை மறைத்து, ஆட்களே அமுக்கிப் பிடித்து முடித்துவிடுகிறார்கள்.

இப்போது நம் ஆவுளியாவுக்கு வருகிறேன். கடல்நாய் கரையேறிப் படுக்கும், ஆவுளியா ஏறாது. அதன் வாழ்க்கை முழுவதும் தண்ணீருக்குள். சில நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கை மட்டும் மேலே நீட்டி மூச்சு வாங்கிவிட்டுக் கடற்புல்லுக்குத் திரும்பிவிடும். தண்ணீரில் அதை மயக்கினால் அந்த மூக்கை யார் தூக்கிப் பிடிப்பது? முழுசாய் வளர்ந்தது மூன்று மீட்டர் நீளம் வரும், நானூறு கிலோ தாண்டும். கரையில் போட்டால் தன் எடையே நெஞ்சை அழுத்தும்.

கடல்நாயின் அளவை இதற்குப் பெயர்த்து எழுதவும் முடியாது. சைலசின் என்று நாங்கள் தினமும் கையாளும் மயக்க மருந்தில், குதிரைக்குப் போடுவதில் பத்தில் ஒரு பங்கு மாட்டுக்குப் போதும். இரண்டும் புல் தின்கிற நாலுகால்தான், இருந்தும் இவ்வளவு வித்தியாசம். மீன் தின்னும் கடல்நாயின் கணக்கைக் கடற்புல் மேயும் விலங்குக்கு எழுதுவது எந்த நியாயம்? ஆவுளியாவின் உறவான மனாட்டிக்கு ஃப்ளோரிடாவில் மிடசோலம் போட்டு லேசாக அமைதிப்படுத்துகிறார்கள். அதை முறிக்க ஃப்ளூமசெனில் இருக்கிறது. பாடம் கேட்பதானால் அங்கேதான் கேட்க வேண்டும், அதுவும் முறிவு மருந்தை முதலில் சிரிஞ்சில் ஏற்றி வைத்துக்கொண்டு.

ஊசியைவிடவும் துரத்தல் எனக்குப் பயம். ஒருமுறை வயலில் புகுந்த புள்ளிமானைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் போவதற்குள் ஊரே திரண்டு வெகுநேரம் விரட்டியிருந்தது. ஊசி போட்டேன், மயங்கியது, காயத்தைத் தைத்தேன், முறிவு மருந்தில் எழுந்து நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். மறுநாள் காலை செத்துக் கிடந்தது. அறுத்துப் பார்த்தால் தொடைத்தசை வேகவைத்ததுபோல் வெளுத்திருந்தது. ஓடிய ஓட்டத்தில் தசை சிதைந்து, அந்த நஞ்சு உள்ளே பரவிக் கொன்றிருக்கிறது. அந்த மானை நான் இன்னும் மறக்கவில்லை. கடல்பசுவுக்கும் இப்படி ஆகலாம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1983லேயே எச்சரித்தார்கள். அங்கே மோர்டன் விரிகுடாவில் ஆவுளியாவைப் பிடித்துக் கருவி கட்டியிருக்கிறார்கள், கப்பல் தளத்தில் ஏற்றி உடல்நலமும் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் விரட்டும் நேரத்துக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த நேரம் தாண்டினால் விட்டுவிட வேண்டும், எவ்வளவு செலவழித்துப் போயிருந்தாலும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஆய்வு அனுமதிக் கடிதத்தில், தண்ணீரில் இருக்கும் ஆவுளியாவுக்கு மயக்க ஊசி கூடாது என்று ஒரு வரி எழுதுங்கள். கருவி கட்டும் வேலையைக் கூடியவரை விழிப்பிலேயே, சில நிமிடத்தில் முடிக்கச் சொல்லுங்கள். கரை ஒதுங்கியதற்கோ அடிபட்டதற்கோ மருந்து தேவைப்பட்டால், மூச்சைக் கவனிக்க மட்டுமே ஒரு மருத்துவர் தனியாக நிற்கட்டும். 'போதும், விடுங்கள்' என்று அவர் சொன்னால் விஞ்ஞானியும் அதிகாரியும் கையை எடுக்க வேண்டும். அந்த அதிகாரம் காகிதத்தில் இருக்க வேண்டும். ஒன்று செத்துப்போனால் பிரேதப் பரிசோதனை முடிவை மறைக்காமல் வெளியிடுங்கள். கடல்நாய் ஆய்வில் முன்னேற்றம் வந்தது சாவுகளை எழுதி வைத்ததால்தான்.

2022ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தோம். அது தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடல். அதற்குத் தெற்கே நம் கரையில் ஆவுளியா வலையில் சிக்கினால் முதலில் பார்ப்பவர் மீனவர்தான். சொந்த வலையை அறுத்து அதை விட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். மூக்கைத் தண்ணீருக்கு மேல் தாங்குவது, வாலைப் பிடித்து இழுக்காமல் இருப்பது, ஈரத்துணியால் முதுகை மூடும்போது மூக்கை மூடாமல் விடுவது, இதெல்லாம் அவர்களுக்கு ஒரு நாளில் சொல்லிக்கொடுக்கலாம். மருத்துவர் வந்து சேரும்வரை உயிரைப் பிடித்து வைப்பது அவர்கள் கைகள்தான்.

அந்தப் பயிற்சியைத் தொண்டியில் வைத்தாலும் மண்டபத்தில் வைத்தாலும் கூப்பிடுங்கள், வருகிறேன். பயணப்படி வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
ராமநாதபுரம் மாவட்டம்.