விருது விண்ணப்பம்: ஞாயிறு ஆலோசனைக் கூட்டம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பணியிடத் தகவல்தொடர்பு விருதுக்கு, சென்ற அக்னி நட்சத்திர நாட்களில் நம் ராணிப்பேட்டை ஷூ தொழிற்சாலையில் நடத்திய வெயில் எச்சரிக்கைப் பிரச்சாரத்தை அனுப்புவதென முடிவாகியுள்ளது. வரைவை இறுதி செய்ய, வரும் ஞாயிறு காலை 10 மணிக்குக் காட்பாடியில் செயலாளர் வீட்டு மாடியில் கூடுகிறோம். சென்ற முறை எத்தனை சுவரொட்டி ஒட்டினோம் என்று பக்கம் பக்கமாக எழுதினோமே தவிர, படித்தவர்களிடம் என்ன மாறியது என்று ஒரு வரிகூட எழுதவில்லை; தோற்றதில் வியப்பில்லை.

1. முதலுதவிப் பதிவேட்டில் மயக்கம், தலைசுற்றல் என்று பதிவானவற்றை முந்தைய ஆண்டு மே மாதத்தோடு ஒப்பிட்டுத் தையல் பிரிவினர் எடுத்து வர வேண்டும். எண்ணிக்கை குறையாவிட்டாலும் மறைக்க வேண்டாம்.
2. செலவு ரசீதுகள் தேவை.
3. தண்ணீர்த் தொட்டியருகே சாக்பீஸால் எழுதிய "தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள்" பலகையின் படம் வைத்திருப்பவர்கள் அனுப்பவும். வண்ணச் சுவரொட்டியைவிட அதைத்தான் எல்லோரும் நின்று படித்தார்கள்.
4. படத்தில் முகம் தெரிபவர்களிடம் எழுத்துமூலம் ஒப்புதல் பெறவும்.

வருகையை வெள்ளி இரவு 8 மணிக்குள் இங்கேயே தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– ஒருங்கிணைப்பாளர்