மார்கழி டெல்டா பயணம்: வருகிறவர்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். மார்கழி கடைசி சனி, ஞாயிறு பயணம் உறுதி. காலை 6 மணிக்குக் கும்பகோணம் ரயில் நிலைய வாசலில் கூடுகிறோம். முதலில் டிகிரி காபி, கிடைத்தால் இட்லியோடு கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்தது. சாம்பார்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள்!

அப்புறம் சுவாமிமலை, உலோகச் சிலை வார்ப்பதைப் பார்க்க. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைப்பார்கள். சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த இடத்தில் உலோகத்தைக் காய்ச்சி ஊற்றுவார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், அதனால் ஓர் அச்சுக்கு ஒரே சிலை. எனக்கு இதுவே பயணத்தின் உயிர், அவசரப்படுத்த வேண்டாம். படம் எடுக்குமுன் சிலை செய்யும் ஸ்தபதியிடம் கேளுங்கள். தாராசுரம் பக்கம்தான், மாலை வெயிலில் அங்குள்ள கோயிலின் கல் தேரைப் பார்த்துவிடலாம்.

ஞாயிறு முத்துப்பேட்டை அலையாத்திக் காடு (மாங்குரோவ்). கோரையாற்று வழியே படகு. வனத்துறை அனுமதி வாங்க வேண்டும் என்பதால் பெயர்களை இன்று இரவுக்குள் போடுங்கள்.

வழியெல்லாம் சம்பா கதிர் முற்றி நிற்கும். செல்ஃபிக்காக வயலில் இறங்காதீர்கள், வரப்போடு நில்லுங்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில் அவரவர் பொறுப்பு.