அடகுப் பொருளை மீட்கும்போது கேட்கப்படும் ஆவணங்களை வரையறுக்கக் கோரும் மனு

பெறுநர்
அடகுக் கடைகளுக்கு உரிமம் வழங்கும் அலுவலர் அவர்கள்

பொருள்: அடகுச் சீட்டு, அடையாளச் சான்று தொடர்பாகக் கடைகளுக்குத் தெளிவான உத்தரவு பிறப்பிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் தாயார் அடகு வைத்த இரண்டு வளையல்களை மீட்க, நானும் அவரும் ஒரு கடைக்கு ஐந்து முறை நடந்தோம். அசலும் வட்டியும் கையில் இருந்தன. அடகுச் சீட்டும் இருந்தது. வைத்தபோது காட்டிய அடையாள அட்டையில் தந்தை பெயர். பிறகு புதுப்பித்து வாங்கிய அட்டையில் கணவர் பெயர். "ரெண்டும் ஒரே ஆள்தான்னு நாங்க எப்படி நம்புறது?" என்று கேட்டார் கடைக்காரர். நகைப் பொட்டலம் அவர் மேசைமேல்தான் இருந்தது. ஒட்டிய இடத்தின் குறுக்கே அம்மா போட்ட கையெழுத்து எங்களுக்குத் தெரிந்தது. அதே கையெழுத்தை அங்கேயே போட்டுக் காட்டினார், ஏற்கவில்லை. ஒரு தடவை முகவரிச் சான்று, அடுத்த தடவை சான்றொப்பம் என்று கேட்டுக்கொண்டே போனார்கள். அலைந்த நாட்களுக்கும் வட்டி எங்கள் தலையில்தான் விழுந்தது. ஐந்தாம் முறை, அடகு வைத்த அன்று அவர்களே வாங்கி வைத்த பழைய அட்டை நகலை எடுத்துப் பார்க்கும்படி கெஞ்சினேன். படத்தை ஒப்பிட்டுவிட்டு நகையைத் தந்தார்கள். அந்த நகல் முதல் நாளே அவர்களிடம் இருந்ததுதான்.

அடையாளம் கேட்பதை நான் குறை சொல்லவில்லை. திருட்டு நகையைத் தேடி வரும் காவல்துறைக்குக் கடைப் பேரேடுதான் கைகொடுக்கிறது. பொருளை வாங்கும்போது எவ்வளவு கடுமையாகச் சரிபார்த்தாலும் தகும். மீட்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வைத்தவரே வந்திருக்கிறாரா என்பது.

மீட்கும் உரிமையைச் சட்டங்கள் உறுதியாகவே தந்திருக்கின்றன. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 177ஆம் பிரிவில், தவணை தாண்டினாலும் பொருள் விற்கப்படும் வரை உரிய தொகையோடு, தாமதத்தால் நேர்ந்த செலவையும் கட்டி மீட்கலாம் என்கிறது. பிரிட்டனின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 118ஆம் பிரிவு, சீட்டைத் தொலைத்தவர் சட்டப்படியான உறுதிமொழி கொடுத்து மீட்க வழி செய்கிறது. சிறு கடனென்றால், அடகு பிடித்தவரும் சம்மதித்தால், கையெழுத்திட்ட எழுத்துமூல அறிக்கையே போதும். இப்படி எழுதப்பட்ட வழி கடையில் இல்லாவிட்டால், சீட்டு தொலைந்தவருக்கு நகை மூழ்கிப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு கதி இல்லை.

ஆகவே, எந்தெந்தச் சான்று செல்லும் என்ற பட்டியல் ஒவ்வொரு கடையிலும் வாசலில் தெரியும்படி ஒட்டப்பட வேண்டும். அடகு வைத்தபோது எடுத்த படமும் கையெழுத்தும் ஒத்துப்போனால், பெயர் மாற்றத்தைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தைத் தேதியிட்டு எழுதித் தர வேண்டும். பணத்தோடு வந்து நின்ற அந்த நாளிலிருந்து வட்டி ஓடக் கூடாது. இதுவே என் முதன்மையான வேண்டுகோள். சீட்டு தொலைந்தால் கொடுக்க வேண்டிய உறுதிமொழிக்கு ஒரே படிவம் வேண்டும். வைத்தவர் இறந்துபோனாலோ படுத்த படுக்கையானாலோ யார் மீட்கலாம் என்பதைச் சீட்டிலேயே எழுத இடம் வேண்டும்.

எங்கள் சீட்டில் 'வளையல் 2' என்று மட்டுமே இருந்தது. எடை, மாற்று (தங்கத்தின் தரம்), கல் விவரம் எதுவும் இல்லை. வேறு வளையலைத் தந்திருந்தால் எதைக் காட்டி நாங்கள் கேட்டிருப்போம்?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. யாரோ ஒருவருடைய அட்டை நகலின் பின்பக்கத்தில் கடைக்காரர் வட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். வாங்கும் நகலில் 'அடகுக்கு மட்டும்' என்று தேதியோடு குறுக்கே எழுதவும், கணக்கு முடிந்து சட்டம் சொல்லும் காலம் கழிந்ததும் அதை அழிக்கவும் உத்தரவிடுங்கள்.

நேரில் விசாரணைக்கு அழைத்தால் தாயாருடன் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
அடகு வைத்தவரின் மகள்

இணைப்பு: அடகுச் சீட்டின் நகல், இரண்டு அடையாள அட்டைகளின் நகல்கள் ('இம்மனுவுக்கு மட்டும்' எனக் குறுக்கே எழுதப்பட்டவை).