நடுவில் மட்டும் தேய்ந்த டயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில், உயரம் தூக்கிய பிக்கப் வண்டிகள் பற்றிய கட்டுரையில், கம்பெனி ரிம்மிலேயே அகல டயரைத் தாராளமாக மாட்டலாம், ஏறினால் சரி என்று ஒரு வரி வருகிறது. ஏறும் ஐயா. எனக்கும் ஏறியது. மாட்டுவதில் என்ன சிரமம்? ஓட்டும்போதுதானே தெரிகிறது.

என் பிக்கப்போடு வந்தது 235/75 ஆர்15 டயர், 7 அங்குல ரிம். வண்டியைத் தூக்கிய கையோடு 33க்கு 12.50 டயர், அதாவது 33 அங்குல உயரமும் பன்னிரண்டரை அங்குல அகலமும் உள்ளது, போட்டேன். தயாரிப்பாளர்களின் அட்டவணைப்படி அதற்குக் குறைந்தது எட்டரை அங்குல ரிம் வேண்டும். 31க்கு 10.50 வாங்கியிருந்தால் ஏழிலேயே ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். அப்படி ஓர் அட்டவணை இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கட்டுரையாளரிடம் சொல்லத்தான் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

முதல் மாதம் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் பார்த்தால், ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்புகிறது. அலைன்மென்ட் இரண்டு முறை பார்த்தாயிற்று. கடைசியில் வயதான டயர்க்காரர் ஒருவர்தான் சாக்பீஸை எடுத்து, தரையில் படும் பட்டன் பகுதியின் மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை குறுக்கே பட்டையாகக் கோடு போட்டு, நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டச் சொன்னார். இறங்கிப் பார்த்தால் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் அழிந்திருக்கிறது. இரண்டு ஓரமும் போட்டது போட்டபடி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. குறுகிய ரிம், தன் மேல் உட்காரும் டயரின் இரண்டு பக்க விளிம்பையும், அதாவது பீடு என்பதை, உள்ளே இழுத்துப் பிடிக்க, டயரின் பக்கச் சுவரான சைடுவால் பிதுங்கி, டயர் நடுவில் கூன் போட்டிருக்கிறது. அகல டயருக்குக் காசு கொடுத்து, தரையில் பட்டது பழைய டயர் அளவுகூட இல்லை.

காற்றைக் குறைத்தால் போயிற்று என்பீர்கள். குறைத்தேன். 26 பிஎஸ்ஐயில் கோடு முழுக்க அழிந்தது. ஆனால் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு சைடுவாலைத் தொட்டால் கை சுட்டது.

பாறையில் காற்றை இறக்கி ஊர்ந்து போகிறவர்கள் குறுகிய ரிம்மை விரும்புவதற்குக் காரணம் உண்டு; பீடு எளிதில் கழன்று வராது. அதை எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். தினமும் வேலைக்கு ஓட்டிப் போகிறவனுக்கும் அதே யோசனையா?

இது முதல் தடவையும் இல்லை. முன்பு ஓர் இதழில் 285/75 என்பதில் உள்ள 75ஐ மில்லிமீட்டர் ஆக்கினீர்கள். சைடுவால் உயரம் அகலத்தில் 75 சதவீதம் என்பதுதான் அதன் அர்த்தம். திருத்தம் போடச் சொல்லி எழுதினேன், வரவில்லை. சரி, போகட்டும். பெரிய டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், என் வண்டியில் 80 என்று காட்டும்போது உண்மை வேகம் 90ஐத் தொடுகிறது என்று கணக்குப் போட்டு அனுப்பினேன். கணக்கை வெட்டிவிட்டு என் வண்டியின் படத்தை மட்டும் அரைப் பக்கத்துக்குப் போட்டீர்கள். படம் நன்றாக வந்திருந்தது, நன்றி.

நான் கேட்பது ஒன்றுதான். இனி டயர் அளவுகளை அச்சிடும்போது, பக்கத்தில் ரிம் அகலம் எத்தனை முதல் எத்தனை வரை என்றும் போடுங்கள். அந்த அகலத்தை ரிம்மின் வெளி விளிம்பில் அளக்கக் கூடாது, பீடு உட்காரும் உள்பக்கத்தில் அளக்க வேண்டும் என்று கீழே ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. இடம் போதாதென்றால் என் வண்டிப் படம் வந்த மாதிரி ஓர் அரைப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்